டிஹெச்சிபி, டிஎன்எஸ் சர்வருக்கு பிங் மட்டும் போட்டுப் பாத்தா போதாதா?

கேள்வி: செப்டம்பர் 8, 2025

ஒரு தனியார் காலேஜ்ல சிஸ்டம் அட்மினா சேந்திருக்கேன். ரெண்டு விண்டோஸ் சர்வர், ரெண்டுலயும் டிஹெச்சிபி (மெஷினுக்கு ஐபி நம்பர் குடுக்கறது), டிஎன்எஸ் (சைட் பேர ஐபி நம்பரா மாத்திச் சொல்றது) ஓடுது. பிங் மானிட்டர் (சர்வர் உயிரோட இருக்கான்னு கேட்டுப் பாக்கறது) போட்டிருக்கேன், சர்வீஸ் ரன்னிங்ல இருக்கான்னும் பாக்குறேன், எப்பவும் பச்சை தான். ஆனா ஹாஸ்டல்ல இருந்து தினம் "வைஃபை கனெக்ட் ஆகுது, நெட் வரல"ன்னு புகார். நான் ஆக்சஸ் பாயின்ட் பிரச்சனைங்கறேன், வெண்டர் சர்வர் பிரச்சனைங்கறார். பிங்குக்கு மேல இதுல மானிட்டர் பண்ண என்ன இருக்கு?

செப்டம்பர் 8, இரவு 10.15

தம்பி, ஆக்சஸ் பாயின்ட்ட அப்புறம் பாப்போம். புகார் சொல்ற பையனோட லேப்டாப்ல ஐபி என்னன்னு மட்டும் பாத்துட்டு வாங்க. 169.254ல ஆரம்பிச்சா டிஹெச்சிபி சர்வர்கிட்ட இருந்து அவனுக்கு ஒண்ணுமே வந்து சேரல, லேப்டாப் தானா ஒரு நம்பர போட்டுக்கிட்டு உக்காந்திருக்குன்னு அர்த்தம். ஆண்ட்ராய்ட் ஃபோன்ல இப்படித் தெரியாது, ஐபி வாங்குறேன் வாங்குறேன்னு சுத்திட்டு விட்டுடும். ஒழுங்கான ஐபி வந்தும் எந்த சைட்டும் தொறக்கலன்னா டிஎன்எஸ் பக்கம் போகணும். இது தெரிஞ்சாலே நீங்களும் வெண்டரும் போடுற சண்டை பாதி முடிஞ்சிடும்.

செப்டம்பர் 8, இரவு 10.40

பிங் பத்தி சொல்லாம விட்டுட்டேன். கேட்ல வாட்ச்மேன் உக்காந்திருக்கார்ங்கறது வேற, வந்தவங்களுக்கு கேட்ட தொறந்து விடுறார்ங்கறது வேற. பிங் முதலாவத மட்டும் தான் சொல்லும். சர்வீஸ் ரன்னிங்னு காட்டுறதும் அவ்வளவு தான். குடுக்க ஒரு ஐபி கூட மிச்சமில்லாத டிஹெச்சிபி சர்வர் நல்லா ஆரோக்கியமா தான் ஓடிக்கிட்டிருக்கும், சிபியு ரெண்டு சதவீதம் கூட காட்டாது.

செப்டம்பர் 9

169.254 தான்னு பதில் வந்துடுச்சு. ஸ்கோப், அதாவது டிஹெச்சிபி குடுக்க வச்சிருக்கற ஐபி கூட்டம், ஃபுல்லா இருக்குமேன்னு நெனச்சேன், அதே தான்.

கணக்கு பாருங்க. ஸ்லாஷ் 24 அளவு நெட்வொர்க்னா 254 ஐபி, கேட்வேக்கு ஒண்ணு, ஆக்சஸ் பாயின்ட், பிரிண்டருக்கு ஒதுக்குனது போக இருநூத்தி சொச்சம். விண்டோஸ் டிஹெச்சிபில லீஸ் டைம (ஒரு ஐபி ஒருத்தர்கிட்ட எவ்வளவு நேரம் இருக்கலாங்கறது) தொடலன்னா 8 நாள். அதாவது திங்கக்கிழமை பத்து நிமிஷம் கனெக்ட் ஆன ஒரு ஃபோன் அடுத்த வாரம் வரைக்கும் ஒரு ஐபிய பிடிச்சு வச்சிருக்கும், ஆள் ஊருக்கே போயிட்டாலும் சரி. இதுல 2019ல ஆண்ட்ராய்ட் 10, 2020ல ஐஓஎஸ் 14 வந்ததுக்கப்புறம் ஃபோன் தன்னோட நிஜ மேக் அட்ரஸ (கம்பெனி போட்டு அனுப்புற அடையாள நம்பர) காட்டுறதில்ல, ஒவ்வொரு வைஃபை பேருக்கும் ஒரு புது மேக் தயார் பண்ணிக்குது. மாடிக்கு ஒரு வைஃபை பேர் வச்சு எல்லாத்தையும் ஒரே ஸ்கோப்ல விட்டிருந்தீங்கன்னா ஒரே பையன் படி ஏறி எறங்கறதுலயே மூணு ஐபிய தின்னுடுவான். லீஸ் லிஸ்ட்ட தொறந்து மேக் அட்ரஸ்ல ரெண்டாவது எழுத்த பாருங்க, 2, 6, ஏ, ஈ இந்த நாலுல ஒண்ணா இருந்தா அது அனேகமா ஃபோன் தானே உண்டாக்குன மேக். லிஸ்ட்ல முக்காவாசி அப்படித்தான் இருக்கும், பாருங்க.

சரி, இது முன்கூட்டியே தெரிஞ்சிருக்கணுமே? தெரியும், விண்டோஸ் கத்திக்கிட்டு தான் இருந்திருக்கும். ஈவன்ட் 1020ன்னா ஸ்கோப் இத்தன சதவீதம் நெறஞ்சிடுச்சு, 1063ன்னா குடுக்க ஐபியே இல்ல. டிஹெச்சிபி ஆடிட் லாக்ல 14ன்னு ஆரம்பிக்கற வரி இருந்தா அந்த நிமிஷம் யாரோ ஒருத்தன் வெறுங்கையோட திரும்பிப் போயிருக்கான். முதல் வேலையா இந்த மூணுக்கும் அலர்ட் போடுங்க. பிங் பச்சையா இருக்கட்டும், அது பாட்டுக்கு.

ஹாஸ்டல் ஸ்கோப்ப ஸ்லாஷ் 22 (ஸ்லாஷ் 24 மாதிரி நாலு மடங்கு) ஆக்குங்க, லீஸ ரெண்டு மணி நேரமா கொறைங்க. இன்னைக்கு ராத்திரி நிம்மதியா தூங்குங்க.

செப்டம்பர் 12

ரெண்டு மணி நேரம்னு போற போக்குல சொல்லிட்டேனே, அத கொஞ்சம் யோசிச்சுட்டு வந்தேன்.

லீஸ்ல பாதி நேரம் ஆனதும் ஃபோன் அதே சர்வர்கிட்ட நேரா போய் ரெனியூ கேக்கும். பதில் இல்லன்னா 87.5 சதவீதத்துல, யாராச்சும் இருக்கீங்களான்னு பிராட்காஸ்ட் போடும். அதுக்கும் பதில் இல்லாம லீஸ் முடிஞ்சா ஐபிய கழட்டி வச்சிடும். 8 நாள் லீஸ்னா சர்வர் ரெண்டு நாள் படுத்தாலும் ஏற்கனவே உள்ளவங்களுக்கு ஒண்ணும் தெரியாது. ரெண்டு மணி நேரம்னா கரண்ட் போயி யுபிஎஸ்ஸும் போன மத்தியானமே மொத்த ஹாஸ்டலும் உங்க ரூம் வாசல்ல நிக்கும். லீஸ கொறைச்சா அந்தளவுக்கு மானிட்டரிங்க இறுக்கணும், ஒண்ண மட்டும் பண்ணிட்டு இன்னொண்ண விடக்கூடாது. கெஸ்ட் வைஃபைக்கு ஒண்ணு ரெண்டு மணி நேரம் சரி. ஹாஸ்டலுக்கு ஒரு நாள் வைங்க, ராத்திரி கனெக்ட் ஆனவன் மறுநாள் ராத்திரி வர்றதுக்குள்ள பாதி நேரத்துல ரெனியூ ஆகியிருக்கும். ஆபீஸ், லேப் கம்ப்யூட்டருக்கு அந்த 8 நாளே இருக்கட்டும், அங்க ஆளும் மாறாது மெஷினும் மாறாது.

இன்னொண்ணு, ரெண்டு சர்வர்னு சொன்னீங்க. அது ஃபெயிலோவரா (ஒண்ணு படுத்தா இன்னொண்ணு ஏத்துக்கற மாதிரி சேத்தது), இல்ல ரெண்டுலயும் தனித்தனியா ஸ்கோப் போட்டிருக்கா? அத சொல்லுங்க முதல்ல.

செப்டம்பர் 12, மதியம்

ஃபெயிலோவராம். நல்லது, சர்வர் 2012ல இருந்தே உள்ள வசதி. ஆனா ஒரு பொறி இருக்கு. லீஸ் விவரம் ரெண்டு சர்வருக்கும் நடுவுல தானா போகும், செட்டிங் மாத்துனா அது தானா போகாது, ரெப்ளிகேட்னு நாமளா குடுக்கணும். ஒருத்தர் ஒண்ணுல டிஎன்எஸ் அட்ரஸ மாத்தி, இன்னொண்ண தொடாம விட்டா, பாதி பேருக்கு நெட் வரும் பாதி பேருக்கு வராது, அந்தப் பாதி எந்தப் பாதின்னு கண்டுபிடிக்கறதுக்குள்ள நமக்கு பைத்தியம் பிடிச்சிடும். நான் பாத்த எடத்துல இத ஆவி பிடிச்சிருக்குன்னே முடிவு பண்ணியிருந்தாங்க. ரெண்டு சர்வரோட ஸ்கோப் ஆப்ஷன தினம் ஒரு தடவ எக்ஸ்போர்ட் பண்ணி ஒப்பிட்டுப் பாக்கற ஒரு சின்ன பவர்ஷெல் ஸ்கிரிப்ட் போதும்.

செப்டம்பர் 13

லினக்ஸ்ல என்ன பண்றதுன்னு ஒரு நண்பர். ஐஎஸ்சிங்கற அமைப்போட பழைய டிஹெச்சிபி சாஃப்ட்வேர் வச்சிருந்தா லாக்ல "நோ ஃப்ரீ லீசஸ்"னு வர்ற வரிய பிடிங்க. ஆனா அந்த சாஃப்ட்வேர ஐஎஸ்சியே 2022ல கைய விட்டுட்டாங்க, புதுசா போடுறவங்க அவங்களோட புது சாஃப்ட்வேர் கியாவுக்குப் போங்க. அதுல எந்த சப்நெட்ல எத்தன ஐபி போயிருக்குன்னு கேட்டு வாங்கலாம், ஸ்டார்க்னு ஒரு டேஷ்போர்டும் அவங்களே குடுக்கறாங்க. சின்ன ஆபீஸ்னா டிஹெச்சிபி, டிஎன்எஸ் ரெண்டையும் பண்ற டிஎன்எஸ்மாஸ்க் போதும், அடிச்சுக்க ஆளில்ல.

செப்டம்பர் 20

தம்பி மறுபடி வந்திருக்கார். ஸ்கோப்ல எடம் இருக்கு, ஆனா மூணாவது மாடியில மட்டும் 192.168.0ன்னு ஐபி வருதாம். நம்ம நெட்வொர்க்ல அந்த ரேஞ்சே கிடையாதாம்.

ரவுட்டர் தான். எவனோ ஒருத்தன் வீட்ல இருந்து பழைய வைஃபை ரவுட்டர கொண்டாந்து சுவத்துல இருக்கற போர்ட்ல சொருகியிருக்கான், வான் போர்ட்ல (வெளி லைன் சொருகுற எடம்) சொருகாம லான் போர்ட்ல (உள் மெஷின் சொருகுற எடம்) சொருகிட்டான். இப்ப அந்த மாடியில ரெண்டு டிஹெச்சிபி சர்வர். டிஹெச்சிபில யார் முதல்ல ஆஃபர் (இந்த ஐபிய எடுத்துக்கோங்கற பதில்) குடுக்கறாங்களோ அவங்க சொல்றதத்தான் பெரும்பாலான மெஷின் எடுத்துக்கும், உண்மையான சர்வரான்னு கேக்கற வழக்கமே அதுல இல்ல. பக்கத்து ரூம்ல இருக்கற ரவுட்டர் தான் ஜெயிக்கும், சர்வர் ரூம் தூரம்.

தீர்வு ஸ்விட்ச்ல இருக்கு, டிஹெச்சிபி ஸ்னூப்பிங்னு பேரு. சர்வர் இருக்கற பக்கத்து போர்ட்ட மட்டும் ட்ரஸ்ட் பண்ணச் சொல்லிட்டா மத்த போர்ட்ல இருந்து வர்ற ஆஃபர் எல்லாத்தையும் ஸ்விட்ச் அங்கயே கீழ போட்டுடும். அப்லிங்க் போர்ட்ட (சர்வர் பக்கம் போற லைன் சொருகுன போர்ட்ட) ட்ரஸ்ட்ல போட மறந்துட்டு ஸ்னூப்பிங்க ஆன் பண்ணாதீங்க, மொத்த மாடிக்கும் ஐபி நின்னுடும், அப்புறம் என்னைத் திட்டக்கூடாது.

பையன் மேல ஆக்‌ஷன் எடுக்கணும்னு வார்டன் சொல்றாராம். அவனுக்கு வைஃபை சிக்னல் வரல, அதனால கொண்டாந்தான். அங்க ஒரு ஆக்சஸ் பாயின்ட்ட போட்டுக் குடுங்க.

செப்டம்பர் 27

போன வாரத்து விஷயத்துல இருந்து ஒண்ணு. ரவுட்டர் சொருகுனது சர்வர் ரூம்ல இருந்த மானிட்டருக்கு தெரியவே இல்ல பாருங்க. டிஹெச்சிபி பிராட்காஸ்ட்ல பேசுற விஷயம், அந்தந்த விலான (தனியா பிரிச்சு வச்ச நெட்வொர்க் பகுதிய) தாண்டாது. நடுவுல ரவுட்டர்ல ஹெல்பர் அட்ரஸ் போட்டு ரிலே பண்றதால தான் ஹாஸ்டல் விலான்ல கேட்டது சர்வர் ரூமுக்கு வருது. அந்த ஹெல்பர் வரிய யாராச்சும் கோர் ஸ்விட்ச் மாத்தும்போது விட்டுட்டா சர்வர் நல்லாத்தான் இருக்கும், நாம சர்வர் பக்கத்துல உக்காந்து டெஸ்ட் பண்ணா டக்குனு ஐபி வரும், ஹாஸ்டல்ல மட்டும் செத்துக் கெடக்கும்.

அதனால கேக்கறவன் எங்க இருக்கானோ அங்க இருந்து கேக்கணும். நான் பண்றது, ஒவ்வொரு கட்டடத்து ரேக்லயும் ராஸ்ப்பெரி பைங்கற ஒரு குட்டி கம்ப்யூட்டர். ட்ரங்க் போர்ட் குடுத்து எல்லா விலானையும் அதுக்குள்ள விட்டு, ஒவ்வொரு விலான்லயும் அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவ டிஸ்கவர் (ஐபி குடுக்க யாராச்சும் இருக்கீங்களாங்கற கேள்வி) போடச் சொல்றேன். நாகியோஸ்ங்கற மானிட்டரிங் சாஃப்ட்வேர்ல செக் டிஹெச்சிபின்னு ப்ளகின் இருக்கு, அதுவே போதும், 68ம் நம்பர் போர்ட்ட தொறக்கணுங்கறதால ரூட் பர்மிஷன் கேக்கும். எத்தன ஆஃபர் வந்தது, யார்கிட்ட இருந்து வந்தது, எவ்வளவு நேரத்துல வந்ததுன்னு மூணு விஷயம் பாக்கறேன். ஆஃபரே வரலன்னா அலர்ட். தெரியாத சர்வர்கிட்ட இருந்து ஒண்ணு வந்தா அதுக்கும் அலர்ட், அது இன்னும் அவசரம்.

டிஸ்கவரோட நிறுத்திக்கிறது முக்கியம். ரிக்வஸ்ட் வரைக்கும் போய் நெசமாவே ஐபி வாங்குற ஸ்கிரிப்ட் எழுதி, ஒவ்வொரு தடவையும் புது மேக் குடுத்து, மானிட்டரே ஸ்கோப்ப காலி பண்ண கதையும் கேள்விப்பட்டிருக்கேன்.

அக்டோபர் 4

இன்னைக்கு தேதி பாத்ததும் டிஎன்எஸ் பக்கம் போகலாம்னு தோணுச்சு. 2021ல இதே அக்டோபர் 4 ராத்திரி ஒம்பது மணி வாக்குல ஃபேஸ்புக், வாட்ஸாப், இன்ஸ்டா மூணும் ஒண்ணா போச்சே, எல்லாரும் ஃபோன ஆஃப் பண்ணி ஆன் பண்ணி பாத்தாங்களே. பராமரிப்புக்காக குடுத்த ஒரு கமாண்ட் அவங்க டேட்டா சென்டர இணைக்கற லைன் மொத்தத்தையும் அறுத்துடுச்சு. அவங்க டிஎன்எஸ் சர்வர் எல்லாம் டேட்டா சென்டரோட பேச முடியலன்னா நமக்கு தான் ஏதோ கோளாறுன்னு முடிவு பண்ணி தன்னோட ரூட்ட (தன்கிட்ட வர்ற வழின்னு வெளிய அறிவிச்சத) தானே வாபஸ் வாங்கிக்கற மாதிரி எழுதியிருந்தாங்க. எல்லா சர்வரும் ஒரே நேரத்துல அப்படியே முடிவு பண்ணிடுச்சு. சரி பண்ணப் போனா உள்ளுக்குள்ள இருக்கற டூலும் அதே டிஎன்எஸ நம்பி இருக்கு. கிட்டத்தட்ட ஆறு மணி நேரம்.

நமக்கு அந்த கடைசி விஷயம் தான் வேணும். உங்க அலர்ட் எது வழியா வருது? மெயில் வழியான்னா, மெயில் சர்வர் பேர கண்டுபிடிக்க டிஎன்எஸ் வேணும், அந்த டிஎன்எஸ் தான் செத்துப் போச்சு. மானிட்டர் பண்ற மெஷினுக்கு ஐபிய கையால போடுங்க, டிஹெச்சிபில விடாதீங்க. சர்வர் எல்லாத்தையும் பேர் சொல்லாம நம்பர் சொல்லி செக் பண்ணுங்க. அலர்ட்டுக்கு ஒரு சிம் போட்ட மோடம் வச்சா எஸ்எம்எஸ் போயிடும், பழைய முறை தான், ஆனா காப்பாத்தும்.

அக்டோபர் 5

டிஎன்எஸ்ல ஒரு சர்வர் செத்தா "நெட் இல்ல"ன்னு புகார் வராது. "நெட் ஸ்லோ"ன்னு தான் வரும். முதல் டிஎன்எஸ் பதில் சொல்லலன்னா மெஷின் கொஞ்சம் காத்திருந்து ரெண்டாவதுக்குப் போகும். விண்டோஸ்ல ஒரு செகண்ட் மாதிரி, லினக்ஸ்ல சும்மா விட்டா அஞ்சு செகண்ட். ஒரு நியூஸ் சைட் தொறந்தா இருபது முப்பது சைட் பேர தேடும், ஒவ்வொண்ணுக்கும் இப்படி நின்னு நின்னு போனா எவனும் டிஎன்எஸ்னு சொல்ல மாட்டான், லைன் ஸ்பீடு பத்தலன்னு சொல்லி மேனேஜ்மென்ட்கிட்ட பெரிய லைனுக்கு காசு கேப்பாங்க. கேட்டு வாங்கிப் போட்டும் அதே ஸ்லோவா இருந்த எடத்த நான் பாத்திருக்கேன்.

அதனால ஒவ்வொரு டிஎன்எஸ் சர்வரையும் தனித்தனியா கேக்கணும், ரெண்டையும் ஒண்ணா வச்சு "பேர் கெடைக்குதா"ன்னு கேட்டா ஒண்ணு செத்தது மறைஞ்சு போயிடும். கேக்கறதும் மூணு விதமா: உள்ளுக்குள்ள இருக்கற ஒரு பேர், வெளியில இருக்கற ஒரு பேர், எங்கயுமே இல்லாத ஒரு பேர். மூணாவதுக்கு இல்லைன்னு தான் பதில் வரணும். இல்லாத பேருக்கும் ஒரு ஐபிய குடுத்தா நடுவுல எவனோ விளம்பரப் பக்கத்துக்கு திருப்பி விடுறான்.

அக்டோபர் 11

ரெண்டாவது டிஎன்எஸ் சர்வர் பத்தி. இது விண்டோஸ் ஆக்டிவ் டைரக்டரில சேந்த ஸோனுக்கு (ஒரு டொமைனோட பேர், நம்பர் பட்டியலுக்கு) பொருந்தாது, அங்க ரெப்ளிகேஷன் வேற வழியில போகும். பைண்ட்ங்கற டிஎன்எஸ் சாஃப்ட்வேர் வச்சு பிரைமரி, செகண்டரின்னு ஓட்டுறவங்களுக்கு.

ஒரு மில்லுல நடந்தது. செகண்டரி எல்லா கேள்விக்கும் ஜோரா பதில் சொல்லிக்கிட்டிருந்தது, எந்த மானிட்டர்லயும் குத்தம் இல்ல. திடீர்னு ஒரு காலையில அந்த சர்வர் மட்டும் எல்லாத்துக்கும் செர்வ்ஃபெயில் (பதில் சொல்ல முடியலங்கற பிழை). யாரும் அத தொடல. முதல் நாளும் தொடல. நோண்டிப் பாத்தா, ஒரு மாசத்துக்கு முன்னாடி ஃபயர்வால மாத்துனவர் டிஎன்எஸ் பேசுற 53ம் போர்ட்ட யூடிபிக்கு மட்டும் தொறந்திருக்கார், டிசிபிய மூடிட்டார் (ரெண்டும் டேட்டா அனுப்புற வேற வேற முறை). சாதாரண கேள்வி எல்லாம் யூடிபில போறதால தெரியல. ஆனா பிரைமரில இருந்து முழு ஸோன காப்பி பண்றது டிசிபில. ஒரு மாசமா காப்பியே ஆகல, பழசையே சொல்லிக்கிட்டிருந்திருக்கு. எஸ்ஓஏ ரெக்கார்ட்ல (ஸோனோட தலைப்பு ரெக்கார்ட்) எக்ஸ்பயர்னு ஒரு எண் இருக்கும், அந்த நேரத்துக்குள்ள பிரைமரிகிட்ட இருந்து ஸோன புதுப்பிக்க முடியலன்னா இனிமே நான் சொல்றது நம்பறதுக்கில்லன்னு செகண்டரி தானா வாய மூடிக்கும். அது முடிஞ்ச காலை தான் அந்தக் காலை.

பாக்க வேண்டியது ஒண்ணே ஒண்ணு. ரெண்டு சர்வர்லயும் எஸ்ஓஏ சீரியல் நம்பர் (ஸோன மாத்துறப்ப எல்லாம் ஏத்துற நம்பர்) ஒண்ணா இருக்கா? அரை மணிக்கு மேல வித்தியாசம் நின்னா அலர்ட். டிஎன்எஸ் சர்வர்கிட்ட கேள்வி கேக்கற டிக் கமாண்ட் ரெண்டு தடவ, ஒப்பிட ஒரு வரி. இத விட கம்மி வேலைக்கு இத விட பெரிய பலன் இந்த விஷயத்துல கெடையாது.

அக்டோபர் 11, இரவு

டிசிபி 53 எதுக்கு, டிஎன்எஸ்னா யூடிபி தானேன்னு ஒருத்தர். ஸோன் காப்பிக்கு மட்டும் இல்லீங்க, பதில் பெருசா இருந்தாலும் டிசிபில தான் திரும்பக் கேக்கும். ரெண்டையும் தொறந்து வைங்க. செக் பண்றப்பவும் ரெண்டு வழியிலயும் கேளுங்க.

அப்படியே ஸோன் ஃபைல கையால எழுதுறவங்க, பேர் முடிவுல வர்ற புள்ளிய விடாதீங்க. 2009 அக்டோபர்ல ஸ்வீடன் நாட்டு டாட் எஸ்ஈ ஸோன்லயே ஒரு ஸ்கிரிப்ட் அந்தப் புள்ளிய விட்டுட்டு, நாட்டோட சைட் எல்லாம் காணாம போச்சு. ஸோன சீக்கிரம் சரி பண்ணிட்டாங்க, ஆனா ஊரு பூரா இருக்கற டிஎன்எஸ் சர்வரோட கேஷ்ல (பழைய பதில நினைவுல வச்சிருக்கற எடம்) தப்பான பதில் உக்காந்துக்கிச்சு. லோடு பண்றதுக்கு முன்னாடி ஃபைல சரி பாக்கற நேம்ட் செக்ஸோன் ஓட்டுறதுக்கு ஒரு செகண்ட் கூட ஆகாது. ஆனா ஒண்ணு, புள்ளி இல்லாததும் இலக்கணப்படி சரியான ஃபைல் தான், அதனால பழைய ஃபைலோட வித்தியாசத்தையும் கண்ணால பாருங்க.

அக்டோபர் 20

தீபாவளி வாழ்த்துகள் எல்லாருக்கும். மத்தியானம் சாப்பிட்டுப் படுக்கலாம்னா வரிசையா ஃபோன், பாதி ஆப் வேல செய்யல, நம்ம டிஎன்எஸ்ஸா பாருங்கன்னு. நம்மளோடது இல்ல, அமேசான் கிளவுட். அந்த மூணு டிஎன்எஸ் கேள்விக்கும் சரியா பதில் வர்றத ஃபோன்லயே பாத்துட்டு திரும்பப் படுத்துட்டேன். மானிட்டரிங் வச்சிருக்கறதுல இதுவும் ஒரு லாபம், நம்ம மேல இல்லன்னு ஒரு நிமிஷத்துல சொல்லிடலாம்.

அக்டோபர் 25

அமேசான் விளக்கம் போட்டுட்டாங்க, டிஎன்எஸ்ஸே தான். வர்ஜீனியாவுல அவங்க டேட்டாபேஸ் சேவை டைனமோடிபிக்கு டிஎன்எஸ் ரெக்கார்ட தானா மாத்துற ப்ரோக்ராம் ஒண்ணுக்கு மேல ஓடுது. ஒண்ணு மெதுவா போயி பழைய திட்டத்த (எந்தெந்த ஐபி போடணுங்கற பட்டியல) புதுசு மேல எழுதிடுச்சு, அதே நேரம் இன்னொண்ணு பழசெல்லாம் குப்பைன்னு கூட்டித் தள்ள, கடைசில அந்தப் பேருக்கு ஒரு ஐபி கூட இல்லாம காலி ரெக்கார்ட்.

கவனிங்க, பேர் இருந்தது, சர்வரும் பதில் சொன்னது, பதில் தான் காலி. "பதில் வந்துச்சா"ன்னு மட்டும் பாக்கற மானிட்டர் இதுக்கு பச்சை காட்டும். வந்த பதில் நாம எதிர்பாத்த ஐபி தானான்னு ஒப்பிடணும். அக்டோபர் 5ல எழுதுன மூணு கேள்வியோட இதையும் சேத்துக்கோங்க.

நவம்பர் 2

இது சிரிக்க. தம்பி காலேஜ்ல பிரின்சிபால் கம்ப்யூட்டருக்கு ரிமோட்ல போயி ஆபீஸ் சாஃப்ட்வேர் அப்டேட் பண்ணியிருக்கார். பண்ணி முடிச்சுட்டு சார் சரியாயிடுச்சான்னு கேட்டா, இங்க ஒண்ணும் நடக்கலையேப்பாங்கறார். அங்க லேப்ல ஒரு பையன் ப்ராக்டிகல் நடுவுல மவுஸ் தானா நகருதுன்னு எழுந்து ஓடியிருக்கான்.

டிஹெச்சிபி அந்த ஐபிய எப்பவோ வேற மெஷினுக்கு குடுத்துடுச்சு, டிஎன்எஸ்ல பிரின்சிபால் பேருக்கு பழைய ரெக்கார்டே கெடக்கு. விண்டோஸ்ல பழசக் கூட்டுற வேலைக்கு ஸ்கேவஞ்சிங்னு பேரு, நாமளா ஆன் பண்ணாம அது ஓடாது. ஆன் பண்ணாலும் நோ ரெஃப்ரெஷ் 7 நாள், ரெஃப்ரெஷ் 7 நாள்னு இருக்கும், அதாவது ரெண்டு வாரத்துக்கு பழசு நிக்கும். லீஸ் ஒரு நாளா இருக்கற விலானுக்கு இது ஒத்தே வராது. லீஸ் முடிஞ்சா ரெக்கார்டையும் அழின்னு டிஹெச்சிபி பக்கம் ஒரு டிக் இருக்கு, அதப் போடுங்க, ரெக்கார்ட பதியறதுக்கு தனியா ஒரு அக்கவுன்ட்டும் குடுங்க, அப்ப தான் ஃபெயிலோவர்ல ஒரு சர்வர் எழுதுனத இன்னொண்ணு அழிக்க முடியும். ஸ்கேவஞ்சிங்க ஆன் பண்றதுக்கு முன்னாடி சர்வர், பிரிண்டர் ரெக்கார்ட் எல்லாம் கையால போட்டதா, தானா வந்ததான்னு பாத்துடுங்க. தானா வந்து டைம்ஸ்டாம்ப் பழசாப் போயிருந்தா அதையும் சேத்துக் கூட்டிடும்.

நவம்பர் 9

கடைசியா கேட்டது லாக் எத்தன நாள் வைக்கணும்னு. 2022 ஏப்ரல் 28ல இந்திய அரசோட சைபர் பாதுகாப்பு அமைப்பு செர்ட் இன் போட்ட உத்தரவுப்படி 180 நாள். விண்டோஸ் டிஹெச்சிபி ஆடிட் லாக் திங்கக்கிழமைக்கு ஒரு ஃபைல், செவ்வாக்கெழமைக்கு ஒரு ஃபைல்னு கெழம பேர்ல எழுதும், அடுத்த திங்கக்கிழமை வந்தா பழைய திங்கக்கிழமைய அழிச்சுட்டு மேலயே எழுதும். ஆக உங்ககிட்ட இருக்கறது ஒரு வாரம் தான். தினம் ராத்திரி முந்தின நாள் ஃபைல தேதி போட்ட பேர்ல வேற மெஷினுக்கு காப்பி பண்ணுங்க. எல்லா சர்வரோட கடிகாரமும் என்டிபி (நெட்வொர்க் வழியா நேரம் சரி பண்ற முறை) வழியா ஒத்துப் போகணும், அதுவும் அந்த உத்தரவுலயே இருக்கு. சைபர் க்ரைம்ல இருந்து இந்த ஐபி இந்த நிமிஷம் யார்கிட்ட இருந்ததுன்னு கேட்டு லெட்டர் வந்தா, ரெண்டு சர்வர் ரெண்டு மணி காட்டுனா என்ன பதில் எழுதுவீங்க?

மேக் அட்ரஸ் மட்டும் இருந்தா அந்தப் பதிலும் பத்தாது, ஃபோன் தானா உண்டாக்குன மேக்க வச்சு ஆளக் கண்டுபிடிக்க முடியாது. ரோல் நம்பர் போட்டு லாகின் ஆகற மாதிரி வைஃபைய மாத்தி அந்த லாக்கையும் இதோட வைங்க. ஸ்கிரிப்ட் எழுதுனா அனுப்புங்க தம்பி, பாத்துட்டு சொல்றேன்.